தலையணைச் சீட்டு

பிப்ரவரி 2

அன்புள்ள ரொட்டிக்கு,

நாம் ஒன்றாகத் தங்கியிருந்தது எந்த வருஷம் என்று கேட்டிருந்தாய். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது, அந்த வருஷம் என்னென்ன நடந்தது என்று தெரியும். ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டு, சர்க்கரை மூட்டைகள் மூன்று நாள் தண்ணீரில் கரைந்த வருஷம். தபால்காரர்கள் முப்பத்தெட்டு நாள் வேலைக்குப் போகாமல் ஊரே கடிதம் இல்லாமல் கிடந்த வருஷம். எங்கள் சலவைக்கூடத்துக்குத் துணி தேய்க்கும் நீராவி உருளை வந்து நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிய வருஷம். உன் பேக்கரி முதலாளிக்கு இரட்டைப் பெண் பிறந்தது என்று ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தாரே, அதை நீ கட்டிலில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போக, நான் எறும்போடு படுத்த வருஷம். மருமகள் போனில் தேடிக் கணக்குப் போட்டு, நம்பரை ஓரத்தில் எழுதியிருக்கிறாள். பார்த்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் பேசினால் நீ "ஆங்? ஆங்?" என்கிறாய். உனக்குக் காது, எனக்குக் கண். அதனால் வழக்கம்போல நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதாமல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தேய்த்து எழுதுகிறாள். இந்த வீட்டில் இஸ்திரி அவள்தான் இப்போது.

நீ பார்க்கச் சொன்ன படத்தைப் பார்த்தாயிற்று. பேத்தி பெரிய டி.வி.யில் போட்டாள். நான் பார்த்ததும் நீ பார்த்ததும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொள்.

ஏதோ அந்நிய ஊர். எந்நேரமும் மழை வரப்போகிற மாதிரி வானம். ஒரு ஆள் பார்சல் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறான். ஒரு பெண், படுத்த படுக்கையாக இருக்கும் கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு பேருக்கும் அந்த ஊரில் யாரும் இல்லை. தினமும் காலையில் ஒரே பஸ் நிறுத்தத்தில், ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு ஓரத்தில் உட்காருகிறார்கள். அவள் ஒருநாள் குடையை நடுவில் வைக்கிறாள். அவன் ஒருநாள் ஃபிளாஸ்க்கை நடுவில் வைக்கிறான். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. கடைசியில் ஒருநாள் அவள் ஒரு சீட்டு எழுதிப் பெஞ்சுப் பலகையில் செருகிவிட்டு, முன்னாலேயே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள். அவன் எடுக்கிறான், விரிக்கிறான், பார்க்கிறான், மடித்து இருந்த இடத்திலேயே செருகிவிடுகிறான். மறுநாள் அவள் வரவில்லை. படம் முடிந்தது. கீழே ஓடும் எழுத்தை மருமகள் வாசித்துச் சொன்னாள். மொத்தப் படத்துக்கும் பதினோரு வாக்கியம்.

இந்தப் படத்தால் என் வீட்டில் இரண்டு நாள் சண்டை. மகன், "ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுக்கு நின்ன மாதிரி இருந்துச்சு. அதுவும் பஸ் வரல" என்றான். பேத்தி, அவனுக்குப் பயம், அவ்வளவுதான் என்கிறாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவனுக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கா மாமா. வெரல்ல மோதிரம் இருந்த எடம் வெளுத்திருக்கு, நீங்க பாக்கல?" என்றாள். பக்கத்து வீட்டு ரிட்டையர்டு டிரைவரும் வந்து உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு குறைதான். "எந்த ஊர்ல சார் பஸ் இப்படி தினமும் டயத்துக்கு வருது? நம்பற மாதிரி எடுக்க வேணாமா?"

என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன், அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவன் கையில் காகிதம் இருந்தால் கண் நடக்கும், ஓரத்தில் இருந்து ஓரத்துக்குப் போய்த் திரும்பி வரும். அவன் கண் நின்றது. போட்டோவைப் பார்ப்பதுபோல மொத்தமாகப் பார்த்தான். நீ என்ன சொல்கிறாய், எழுது.

இன்னொன்று. ஏப்ரல் இருபதாம் தேதி பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கண் டாக்டரிடம் கணக்கு வேலை பார்க்கிறவன், நல்ல பையன், கொஞ்சம் வாயாடி. பத்திரிகை தனியாக வரும். ஆனால் பத்திரிகை வருவதற்கு முன்னால் நான் கேட்கிறேன். ஒரே கட்டிலில் இரண்டு வருஷம் படுத்தோம். நீ இரவு முழுக்க அடுப்பில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பாய், நான் எழுந்து போவேன். அந்தக் கட்டில் ஒருநாள்கூட ஆறினதில்லை. அப்படி இருந்தவன் என் கல்யாணத்துக்கு வரவில்லை. வீடு கட்டினேன், வரவில்லை. என் வீட்டுக்காரி போனபோதுகூட உன் கடிதம்தான் வந்தது. கேட்டால் பேக்கரி, கேட்டால் இடுப்பு, கேட்டால் ரயிலில் இடம் இல்லை. நான் என்ன செய்தேன் உனக்கு? எனக்கும் எழுபத்தேழு ஆகிறது. என் வாசலில் நீ ஒருதடவை செருப்பைக் கழற்ற வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு பாக்கி.

இப்படிக்கு,
உன் இஸ்திரி


பிப்ரவரி 14

அன்புள்ள இஸ்திரி,

கடிதம் கிடைத்தது. வருஷம் சரிதான். எனக்குச் சர்க்கரை மூட்டை மறந்தே போயிருந்தது, நீ சொன்னதும் ஆற்று வாசனையே வந்துவிட்டது. அந்த எறும்புக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். என்னையும் தங்கையையும் சேர்த்து எட்டு பேர். ஒரு ஜோடி இடைவேளையில் போய்விட்டது. ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார், அந்தப் படத்தில் அதிகச் சத்தம் அதுதான் என்று தங்கை சொன்னாள். வெளியே வரும்போது டிக்கெட் கிழிக்கிறவர் என்னிடம், "மூணு நாளா நானும் பாக்கறேன் சார். என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியல, ஆனா பாக்காம இருக்கவும் முடியல" என்றார். எல்லா விமர்சனத்திலும் அதுதான் நேர்மையானது.

என் தங்கை எங்கள் வீட்டுப் பாப்பா. அவளை உனக்குக் கடிதத்தில் தெரியும். எழுபத்தொரு வயதிலும் பெயர் பாப்பாதான். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், அவர் காலமான பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். இட்லிக்கு ஊறப்போடுவதுபோலப் படத்தை ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காலையில் அவள் வேறு ஒரு சண்டையை ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு ஏண்ணே ஒரே சீட்டோட நிறுத்திக்கிட்டா? ரெண்டாவது சீட்டு எழுதினா கை தேஞ்சிடுமா?"

"மானம்னு ஒண்ணு இருக்கில்ல" என்றேன்.

"மானத்தை மடிச்சு பலகையில சொருகிட்டுப் போயிட்டா போதுமா? அவன் படிச்சானா, புரிஞ்சுதா, காத்துல பறந்துச்சான்னு பாக்க வேணாமா?"

நான் காது மிஷினைச் சரிசெய்வதுபோல நடித்தேன். ஆனால் என் கட்சி வேறு. அவன் சீட்டை எடுத்தான், படித்தான், திருப்பி வைத்தான். அதுவே பதில். வேண்டாம் என்பதை வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாதவன் செய்கிற காரியம் அது. படிக்கத் தெரியாது என்கிறாயே, பார்சல் பிரிக்கிற வேலையில் விலாசம் பார்க்க வேண்டாமா? கண் நின்றதாம், நடந்ததாம். உன் கண்ணையே டாக்டரிடம் காட்டு, சம்பந்தி வீட்டு வழியில் சலுகை கிடைக்கும்.

கல்யாணத்துக்கு வர முடியாது. இடுப்பு வலி.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து, ஒட்டுவதற்குப் பசையும் எடுத்துவிட்டேன். பாப்பா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொய் எழுதறப்போ மட்டும் உன் எழுத்து குண்டு குண்டா இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் உண்மையை எழுதுகிறேன். நீ என்ன செய்தாய் என்று கேட்டாய் அல்லவா?

அந்த வருஷம் தபால்காரர்கள் வேலைக்குத் திரும்பிய வாரம், அம்மாவின் கடிதங்கள் ஐந்து ஒன்றாக வந்தன. ஐந்திலும் ஒரே விஷயம், பாப்பாவுக்கு மாப்பிள்ளை. உன்னைப் பற்றி நான் முன்பே நிறைய எழுதியிருந்தேன். நாம் இருவரும் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ வீட்டில் இருந்தது. அம்மா, "அந்தப் பையனையே கேளேன்" என்று எழுதியிருந்தாள். நேரில் கேட்டால் முகதாட்சண்யத்துக்காக நீ சரி என்று சொல்லிவிடுவாய், உன்னை அப்படி மடக்கக் கூடாது என்றுதான் ஒரு சீட்டு எழுதித் தலையணைக்கு அடியில் வைத்தேன். "என் தங்கையை உனக்குக் கொடுக்க வீட்டில் ஆசைப்படுகிறார்கள். சம்மதம் என்றால் இந்தச் சீட்டை நீயே வைத்துக்கொள். இல்லை என்றால் இருந்த இடத்திலேயே விட்டுவிடு. நான் எடுத்துக் கிழித்துவிடுகிறேன், நாம் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம்."

ஒருநாள் கழித்துச் சீட்டு திரும்பி வந்தது. அதற்குமேல் ஒரு புது சோப்புக்கட்டி. வேண்டாம் என்றதுகூடப் பரவாயில்லை. அந்தச் சோப்பு ஏன்டா? கையைக் கழுவிவிட்டேன் என்று சொல்லவா? அந்தச் சோப்பை நான் தொடவே இல்லை. இரண்டு மாதத்தில் பேக்கரி மாடிக்குக் குடிபோனேன்.

பேச வேண்டாம் என்று நானே எழுதியதால் பேசவில்லை. ஐம்பது வருஷம் வாக்கைக் காப்பாற்றினேன். இன்று உடைந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என் தங்கையை வேண்டாம் என்ற வீடு என்று என் காலுக்குத் தோன்றும். அதுதான் இடுப்பு வலி.

பேத்திக்கு என் ஆசீர்வாதம்.

ரொட்டி


பிப்ரவரி 24

அன்புள்ள ரொட்டிக்கு,

உன் கடிதத்தை மருமகள் இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாவது தடவை அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னேன். வெளியே இருந்து மகன், "என்னப்பா, மாமனாரும் மருமகளும் ரகசியம் பேசறீங்க?" என்கிறான். "உன் பேர்லதான்டா குத்தப்பத்திரிகை எழுதறோம், போ" என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதைத் தேய்க்காமல் எழுதும்மா என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. கண் நன்றாக இருக்கிறது. எதிர் வீட்டு மொட்டைமாடியில் காயும் சட்டைக்கு எந்தப் பொத்தான் இல்லை என்று இங்கிருந்து சொல்வேன். எழுத்துதான் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. என் பெயரை எழுதினால் அது என் பெயர் என்று வேறொருவர் சொல்ல வேண்டும்.

நான் அறைக்கு வந்த முதல் நாளை நினைத்துப் பார். மூன்று கட்டில், ஆறு பேர். ஜன்னல் பக்கத்துக் கட்டில் நமக்கு. என் பெட்டியைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். வீணாக்க வேண்டாமே என்று மடித்தேன், அவ்வளவுதான். நீ வேலை முடிந்து வந்தாய், தலைமுடியெல்லாம் மாவு. "என்ன நியூஸ்?" என்றாய். நான், "ஒண்ணும் விசேஷம் இல்ல" என்றேன். அந்த மூன்று வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். நீ பத்தாவது வரை படித்தவன். பேப்பர் படிக்கிற ஆள் நம் கட்டிலுக்கு வந்திருக்கிறான் என்று அன்றைக்கே மற்ற நான்கு பேரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டாய். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்காக நான் பேப்பர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் இருக்கும் பக்கமாகப் பார்த்துப் பிடிப்பேன், அப்போதுதான் தலைகீழாகப் போகாது.

விலாசம் பார்க்காமல் எப்படி வேலை என்று கேட்டாய். படத்தை இன்னொரு தடவை பார். அவன் பார்சலில் ஒட்டியிருக்கும் கலர் பட்டையைத்தான் பார்க்கிறான். எங்கள் கூடத்தில் நூல். சிவப்பு நூல் தைத்த விரிப்பு பெரிய ஓட்டலுக்கு, பச்சை ஆஸ்பத்திரிக்கு, மஞ்சளில் இரண்டு முடிச்சு கப்பல்காரர்களுக்கு. ஒன்பது வருஷத்தில் ஒரு விரிப்புகூட நான் மாற்றி அனுப்பியதில்லை. எழுத்துத் தெரிந்தவர்கள்தான் மாற்றினார்கள்.

நீ வேளை மாறி வேலை செய்தாய், கண்ணில் படுவது பத்து நிமிஷம். அதனால் சீட்டு எழுதி வைக்க ஆரம்பித்தாய். நான் செத்தேன். மேல்மாடியில் தையல்காரர் இருந்தாரே, அவர் ஒருவருக்குத்தான் என் விஷயம் தெரியும். வேலைக்குப் போகிற வழியில் அவரிடம் நீட்டுவேன். அவர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டே வாசிப்பார். "சோப்பு தீந்துடுச்சு." "ஜன்னல் கொக்கி லூஸ், பாத்துக்கோ." "மூட்டைப்பூச்சிக்கு மருந்து போட்டிருக்கேன், சட்டையைக் கீழ போடாதே." எப்போதும் இவ்வளவுதான். நீ காகிதம் வீணாக்க மாட்டாய், பேக்கரி ஆர்டர்ச் சீட்டின் பின்பக்கம் நாலு நாளுக்கு எழுதுவாய். அதனால் வாசித்து முடித்ததும் வைத்த இடத்திலேயே வைத்துவிடுவேன், நீ மறுபடி எழுதுவாய் என்று. இது நம் இருவருக்கும் பழக்கம்.

அந்தச் சீட்டு வந்தது செவ்வாய்க்கிழமை. நீல மை. ஏழு வரி. மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தாய். நாலாக மடித்திருந்தது, மற்றதையெல்லாம் இரண்டாகத்தான் மடிப்பாய். எழுத்துத் தெரியாதவனுக்குக் காகிதம் நன்றாக ஞாபகம் இருக்கும், ரொட்டி. வேறு என்ன இருக்கிறது பார்க்க?

தையல்காரரிடம் போனேன். பூட்டு. மகளுக்குப் பிரசவம் என்று ஞாயிற்றுக்கிழமையே கப்பல் ஏறிவிட்டார். அறையில் மற்ற நான்கு பேரில் ஒருவனைக் கேட்டிருக்கலாம். கேட்டால், கிட்டத்தட்ட இரண்டு வருஷமாய்ப் பேப்பர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஒருநாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விரிப்புத் தேய்த்தேன். அன்றைக்குக் காலையில் சோப்பு நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. சரி, இது சோப்புதான், ஆனால் பாவம், தீர்ந்துபோய்ப் பல நாள் ஆகிறது என்று நீளமாகக் குறை எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். நல்ல சோப்பாக, வாசனைச் சோப்பாக வாங்கினேன். சீட்டை வைத்த இடத்தில் வைத்து, அதற்குமேல் சோப்பை வைத்தேன். சந்தோஷப்படுவாய் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

மறுநாளில் இருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவரை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டவன் திடீரென்று இஸ்திரி என்று ஆரம்பித்தாய். வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்டா. சத்தியமாக. அந்தக் கடைக்காரனை நான் ஐம்பது வருஷம் திட்டியிருக்கிறேன்.

படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்பாய். தெரியாது. சம்மதம் என்றிருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம், ஆனால் அது என் வீட்டுக்காரிக்கு நான் செய்யும் துரோகம். நல்ல வாழ்க்கை வாழ்ந்தேன் அவளோடு. அவள் இருந்தவரை உனக்கு வந்த கடிதங்கள் அத்தனையும் அவள் கையெழுத்து. "உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது" என்று நீ ஒருமுறை எழுதினாய், அவள் மூன்று நாள் சிரித்தாள். ஆனால் ஒன்று சொல்கிறேன். படிக்கத் தெரிந்திருந்தால், சரியோ இல்லையோ, உன் எதிரில் வந்து நின்று சொல்லியிருப்பேன். அண்ணன் ஒருவன் தங்கைக்காகக் கேட்டதை மடித்து வைத்துவிட்டுப் போகிறவன் இல்லை நான்.

மருமகள் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். இதோடு போதும்.

இஸ்திரி


மார்ச் 8

அன்புள்ள இஸ்திரி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் சிரித்தேன். வாசனைச் சோப்பு! தனியாக உட்கார்ந்து சிரித்ததில் காது மிஷின் கழன்று கீழே விழுந்துவிட்டது. மறுநாள் உன்மேல் கோபம் வந்தது, இரண்டு வருஷம் ஒரு கட்டிலில் படுத்தவனிடம் சொல்ல முடியாத அளவுக்கு அது என்ன பெரிய அவமானம் என்று. அதற்கு மறுநாள் என்மேல் வந்தது. பத்து நிமிஷம் தினமும் உன்னைப் பார்த்தேன். "என்னடா, படிச்சியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாப்பா சொன்னதுபோல இரண்டாவது சீட்டு எழுதியிருந்தால், அதற்குள் தையல்காரர் வராவிட்டாலும் வேறு வழி ஏதாவது பிறந்திருக்கும்.

படத்தை மறுபடி பார்த்தேன். கலர் பட்டையைத்தான் பார்க்கிறான். இந்த விஷயத்தில் நீ ஜெயித்தாய்.

கல்யாணத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் தேதியே வந்துவிடுகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. மேல் பெர்த் கொடுத்திருக்கிறார்கள், இடுப்பு இப்போது நிஜமாகவே வலிக்கும்.

பாப்பா வரவில்லை என்கிறாள். "நீ போயிட்டு வாண்ணே, நான் எதுக்கு?" என்றாள். காரணம் உனக்குத் தெரிய வேண்டும். அந்தச் சமயத்தில் நான் வீட்டுக்கு, "அவனுக்குச் சம்மதமில்லை" என்று ஒற்றை வரி எழுதினேன். அம்மாவுக்கு ஏமாற்றம். யார்மேலாவது காட்ட வேண்டுமே. "உன் முன்னம்பல்லு தூக்கலா இருக்குல்ல, அதான் வேணாம்னுட்டான்" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா கெட்டவள் இல்லை, வாய்தான். அன்றிலிருந்து பாப்பா சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், இன்றைக்கும் ஏதாவது சொல்லிச் சிரித்தால் புடவைத் தலைப்பு குறுக்கே வரும்.

அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். கண்டக்டர் தங்கமான மனிதர், அவளைக் கைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவளும் குறை இல்லாமல்தான் வாழ்ந்தாள். எழுபத்தொரு வயதில் போய், "அது உன் பல் இல்லை, ஒரு சோப்பு" என்று சொன்னால் என்ன ஆகும்? பழைய காயத்தைக் கிளற வேண்டாம். நாம் இருவரும் அறிந்துகொண்டோம், போதும். நீயும் எங்கேயும் சொல்லாதே.

ரொட்டி


மார்ச் 17

அன்புள்ள ரொட்டிக்கு,

நீ வருகிறாய் என்று மருமகள் வாசித்ததும் மகன் மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டான். உனக்குத் தனிக் கட்டில், பயப்படாதே. மாப்பிள்ளைப் பையன் வந்திருந்தான், அவனையும் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினோம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாராவது ஒருத்தராவது வாயைத் திறந்திருந்தா அரைமணி நேரத்துல முடிஞ்சிருக்கும்" என்றான். பேத்தி அவனை முறைத்தாள். எனக்குப் பிடித்துவிட்டது.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். ஒத்துக்கொள்ள மாட்டேன். போன மாதம்வரை, சீட்டைத் திருப்பி வைத்தவன் கோழை என்று என்னோடு மல்லுக்கு நின்றவன் நீ. இப்போது நீயே ஒரு விஷயத்தை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளப் பார்க்கிறாய்.

காயத்தைக் கிளற வேண்டாம் என்கிறாய். யாருடைய காயம்? உனக்கு ஆறிவிட்டது, ரயில் டிக்கெட் போட்டுவிட்டாய். எனக்கும் ஆறிவிட்டது, நீ வருகிறாய். அவளுக்கு மட்டும் அப்படியே இருக்கட்டுமா? நான் அவளைப் பார்த்ததே இல்லை, ரொட்டி. போட்டோவில்கூட. உங்கள் வீட்டில்தான் என் போட்டோ இருந்தது, என்னிடம் அவள் போட்டோ கிடையாது. பல் தூக்கலா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்க்காத ஒருத்தன் சொல்லாத ஒரு வார்த்தைக்காக ஒரு பெண் ஐம்பது வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு நான் எப்படிக் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவேன்?

என் கௌரவத்தை நினைத்துத் தயங்காதே. கைநாட்டு என்று அவளிடம் சொல். பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஆனால் ஒரு எழுத்து தெரியாது என்று சொல். சம்மதமா இல்லையா என்று கேட்ட இடத்தில் வாசனைச் சோப்பு வைத்த முட்டாள் என்று சொல். அவள் சிரிப்பாள். சிரிக்கும்போது கை எங்கே போகிறது என்று நீ கவனித்து எனக்கு எழுது. என் கையில் ஒரு டிக்கெட் இருந்தால் நானே வந்து சொல்லியிருப்பேன், முழங்கால்தான் விடவில்லை.

சொல்லிவிட்டு, அவள் வந்தால் அழைத்து வா. வராவிட்டால் கட்டாயப்படுத்தாதே. வருவதும் வராததும் அவள் இஷ்டம். விஷயம் மட்டும் அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் இஸ்திரி

மடிப்பதற்கு முன்னால் மருமகளை மறுபடி உட்காரச் சொன்னேன். நேற்றெல்லாம் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அந்தச் சீட்டோடு சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று. கேட்கச் சொன்ன உன் அம்மா போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய உன் அப்பா அவளுக்கு முன்னாலேயே போனார். வாசித்துச் சொல்லியிருக்க வேண்டிய தையல்காரர், பேரனைப் பார்க்கப் போன ஊரிலேயே கண்ணை மூடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தலையணை உறை மாற்றவந்து, சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பவைத்த, நமக்குக் கட்டிலை வாடகைக்கு விட்ட கட்டில்காரம்மாவும் இல்லை. மற்ற இரண்டு கட்டிலின் நான்கு பேரில் கடைசி ஆள் போன செய்தி இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. அவளைக் கட்டிக்கொண்ட கண்டக்டர் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டவளும் இல்லை. கேட்ட நீயும் கேட்கப்பட்ட நானும் ஒருவருக்கொருவர் சொல்லித் தீர்த்துக்கொண்டோம், நம்மைக் கணக்கில் சேர்க்காதே. பதில் வந்து சேராமல் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான். பாப்பா.